55இல் வேலையை விட்டுவிட்டுக் கூத்துப் பழக்கப் போகலாமா?

#1 உவர்மலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான், எழுதுகிறது குறைவு. இப்ப ஒரு கேள்வி மண்டைக்குள்ளே நிற்கிறது.

வயது 53. திருகோணமலைச் சீனக்குடாப் பக்கம் ஒரு கொம்பனியில் கணக்குப் பிரிவு. சம்பளம் 1,40,000. ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எஃப்) இன்றைக்கு 62 இலட்சமளவில் கிடக்கிறது. மனைவி அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை, வயது 49, கைக்கு வருவது 70,000. மகன் கம்பஸ் கடைசி வருசம், மகள் அடுத்த வருசம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை). வீடு உவர்மலையில், சொந்தம். கடன் இல்லை. மாதச் செலவு எப்படி இழுத்துப் பிடித்தாலும் 1,30,000.

என் அப்பா கொட்டியாபுரப் பக்கத்தில் அண்ணாவியாராக, கூத்துப் பழக்கிற ஆசானாக, இருந்தவர். 2006இல் யுத்தத்தால் சம்பூரை விட்டு ஊரே எழும்பினபோது மத்தளம், உடுப்பு, கெருடம் (கிரீடம்) எல்லாம் போய்விட்டது. கொப்பிகளை மட்டும் அம்மா சீலைக்குள்ளே சுற்றிக் கொண்டுவந்தா. அவை இப்ப என்னிடம். சின்ன வயதில் நானும் ஆடினவன், வரவுத் தாளமும் தருவும் (கூத்துப் பாட்டும்) இன்னும் வாயில் நிற்கிறது. ஊரில் இதை முழுதாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுபது கடந்தவர்கள். வடமோடி என்கிற வகைக் கூத்து ஒன்றைச் சட்டங்கொடுத்து (பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து), பழக்கி, சதங்கை கட்டி, அரங்கேற்ற ஆறேழு மாதம் வேண்டும். ராத்திரி ராத்திரியாக நிற்க வேண்டும். காலை ஏழரைக்கு வேலைக்குப் போகிறவனால் ஏலாது.

55இல் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வெளியில் வரலாமா? தனியார் துறையில் 60 வரைக்கும் இருக்க இப்ப சட்டம் இடம் தருகிறது. 60 வரைக்கும் இருந்தால் பணம் கூடும், தெரியும். அந்த வயதில் என் முழங்கால் கூத்துக் களரியில் நிற்குமா, பழக்கித்தர அந்தக் கிழவர்கள் இருப்பார்களா என்பது தெரியாது.

பேசின ஆட்கள் எல்லாரும் “பைத்தியமா?” என்று கேட்டுவிட்டார்கள். நீங்களும் அதைச் சொன்னால் பரவாயில்லை, காரணத்தோடு சொல்லுங்கோ.


#2 தம்பலகாமத்தான்

தம்பி, நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை பார்த்து பென்சன் எடுத்தவன். முதலில் ஒன்று சொல்லுறன், எங்கட கணக்கும் உங்கட கணக்கும் ஒன்றில்லை. எனக்குப் பணிக்கொடை என்று 24 மாதப் பென்சனை மொத்தமாகத் தந்து, அதைப் பத்து வருசத்துக்கு மாதாமாதம் கழிச்சுக்கொண்டு போனார்கள். அது முடிய முழுப் பென்சன். நான் இருக்கும் வரைக்கும் வரும், எனக்குப் பிறகு வீட்டுக்காரிக்கும் வரும். அரசாங்கம் எப்பவாவது கொஞ்சம் கூட்டியும் விடும். உங்களுக்கு வருவது ஒரே ஒரு தொகை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒன்றும் தரமாட்டினம். அந்தத் தொகை எண்பது வயது வரைக்கும் நடக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்த ஒருத்தர், பெயர் வேண்டாம், தனியாருக்கு மாறிப்போய் 55இல் நிதியை எடுத்தார். முதல் வருசம் வீட்டுக்கு மேல்மாடி. இரண்டாம் வருசம் மகளின் கலியாணம். மூன்றாம் வருசம் ஹயேஸ் வான் ஒன்று, ஹயருக்கு விடலாம் என்று. இப்ப அவர் ஒரு கடையில் பில் போடுகிறார். அவர் செய்ததில் எது பிழை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொன்றும் நியாயமான செலவுதான்.

கூத்தை நான் குறைச்சுச் சொல்லவில்லை. ஆனால் மொத்தக் காசு கையில் வந்த வீட்டுக்கு எத்தினை பேர் தேத்தண்ணி குடிக்க வருவினம் என்று உங்களுக்கு இனித்தான் தெரியும்.


#3 ஸ்காபரோ சித்தப்பா

திருகோணமலையை விட்டு வந்து முப்பது வருசத்துக்கு மேல். இங்கே கனடாவில் எல்லாரும் சொல்லுகிற கணக்கு: சேர்த்த தொகையில் வருசம் 4 வீதம் எடுத்தால் ஆயுளுக்கும் காணும். 60இல் சி.பி.பி என்கிற ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கலாம், 65இல் ஓ.ஏ.எஸ் என்கிற முதியோர் பென்சன் வரும். உவர்மலைக்காரன் தம்பியும் அப்பிடி ஒரு திட்டம் போட்டால் நிம்மதி. மனதுக்குப் பிடித்ததைச் செய்யுங்கோ, வாழ்க்கை ஒன்றுதான்.


#4 வங்கிக்காரி

சித்தப்பா, கோபிக்க வேண்டாம். அந்த 4 வீதக் கணக்கு அமெரிக்கச் சந்தையின் பழைய தரவை வைத்துப் போட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் ஒரு வருசத்தில் ஏறத்தாழ 70 வீதம் ஏறின நாடு இது. 200 ரூபாய்க்குக் கிட்ட நின்ற டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. எங்களுக்கு வேறு கணக்கு வேண்டும்.

உவர்மலைக்காரன் அண்ணா, நீங்களே கணக்குப் பிரிவு. ஆனாலும் சொந்தக் கணக்கைப் பிறத்தியார் போட்டுப் பார்ப்பது நல்லது. நான் வங்கியில் இருக்கிறேன், எந்த வங்கி என்று கேட்க வேண்டாம், விற்க வரவில்லை.

சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், கொம்பனியிடமிருந்து 12 வீதம், ஆக மாதம் 28,000 போகிறது. வருசம் 9 வீதம் வட்டி என்று வைத்தால் இன்றைய 62, உங்கள் 55இல் 80 இலட்சத்தைத் தொடும். ஏன் 9? 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது நிதியின் திறைசேரி முறிகளை (அரசாங்கக் கடன் பத்திரங்களை) மாற்றினார்கள். புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீதம், அதன்பிறகு 2038 வரை 9 வீதம். அதனால் 9க்கு மேல் எதிர்பார்த்துத் திட்டம் போட வேண்டாம். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற மற்றச் சேமிப்பு 3 வீதம், அது 9 இலட்சமளவு இருக்கும். பணிக்கொடை 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வருசச் சேவைக்கு அரைமாதச் சம்பளம். நீங்கள் 29 வருசம் முடிப்பீர்கள் என்று வைத்தால் 20 இலட்சத்துக்குச் சொச்சம். கூட்டினால் 109.

மகளின் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் என்று ஒரு 19ஐ ஒதுக்குங்கள். மிச்சம் 90. பிக்ஸ்டில் (நிலையான வைப்பில்) 8 வீதம் என்றால் மாதம் 60,000. அக்காவின் 70,000ஓடு சேர்த்தால் 1,30,000. உங்கள் மாதச் செலவு அதேதான்!

இதைப் பார்த்துச் சந்தோசப்பட வேண்டாம். வட்டி முழுவதையும் சாப்பிட்டால் முதல் வளராது. மத்திய வங்கியின் பணவீக்க இலக்கே 5 வீதம். அந்த இலக்கு ஒழுங்காக நடந்தால்கூட, இன்றைய 1,30,000 ரூபாய்ச் செலவு உங்கள் 67ஆவது வயதில் ஏறத்தாழ 2,60,000. வட்டியோ அதே 60,000. 67 என்பது முதுமைகூட இல்லை.

60 வரைக்கும் இருந்தால்? சம்பளம் கூடாது என்றே வைத்தாலும், மூன்றும் சேர்ந்து 180 இலட்சத்துக்குக் கிட்ட வரும். ஐந்து வருச விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் உங்கள் 55ஆவது வயதுப் பெறுமதியில் 140 மாதிரி. ஆக நீங்கள் கேட்கிற அந்த ஐந்து வருசத்தின் விலை, அந்தப் பெறுமதியில் ஏறத்தாழ 30 இலட்சமும், அந்தக் காலத்துச் சம்பளமும். கூத்துக்கு அது கூடவா குறைவா என்று என்னால் சொல்ல ஏலாது. ஆனால் விலை தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சின்னதாக இன்னும் சில. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் வரைக்கும்தான், அதனால் வட்டி கூடத் தருகிற சின்ன நிதிக் கொம்பனியில் முழுவதையும் கொட்ட வேண்டாம். வட்டிக்கு 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் பிடிக்கிறார்கள். வருச வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழ் என்றால் வரி இலக்கத்தோடு வங்கியில் பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். முந்தி அறுபது கடந்தவர்களுக்கு 15 வீதம் என்றொரு விசேட வட்டி இருந்தது. 2022இல் அது நின்றபோது எங்கள் கவுண்டருக்கு முன்னால் நின்ற முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகம். ஒரே ஒரு சலுகையை நம்பிக் கிழமைச் சந்தைக் காசு வரைக்கும் திட்டம் போட்டிருந்தவர்கள் அவர்கள்.


#5 கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும்.

தங்கச்சி போட்ட கணக்கு வடிவான கணக்கு. ஆனா எங்கட வீட்டுல வட்டி எடுக்கிறல்ல. எங்கட ஆக்கள் ஓய்வுக்கு என்ன செய்வாங்க எண்டு யாரும் கேக்கிறதுமில்ல. இஸ்லாமிய வங்கியில முதாரபா கணக்கு இரிக்கி, இலாபத்துல பங்கு வரும். அதுக்கு மேல வாடகை வீடு, வயல், எருமப் பட்டி.

பட்டிய நம்பாதீங்க நானா. வாப்பாட காலத்துல மகாவலிப் பக்கம் மேய்ச்சல் தரை கிடந்திச்சி. இப்ப அது சுருங்கிச் சுருங்கி, மாட்ட எங்க விடுறது எண்டே தெரியல்ல. கிண்ணியாத் தயிர் எண்டு பேர் மட்டும் பெருசா நிக்கிது. வயலும் அப்படித்தான், பெரும்போகத்துல வெள்ளம், சிறுபோகத்துல தண்ணி காணாது.

வீடு வாங்கி வாடகைக்கு விடுறதெண்டா ஒண்டு பாருங்க. நம்மட மாவட்டத்துல நிறையக் காணி அரசாங்கம் குடுத்த அனுமதிப்பத்திரக் காணி, உறுதிக் காணியில்ல. விக்க ஏலா, வங்கியில வைக்கவும் கஷ்டம். வாங்கிறவர் “எல்லாம் சரி” எண்டு சொல்லுவார். பிரதேச செயலகத்துல போய்ப் பாத்திட்டுக் காசக் குடுங்க.

கூத்தப் பத்தி எனக்குத் தெரியாது. எங்கட பக்கம் கோலாட்டம் கம்படி அடிக்கிற மூத்தாக்கள் இருந்தாங்க. என்ட மாமா ஒருத்தர். அவர் மவுத்தான பொறகுதான் யாரும் அதப் பதிஞ்சி வெக்கலியே எண்டு எல்லாரும் கதைச்சாங்க. போன் எல்லாற்ற கையிலயும் இரிந்திச்சி. ஒரு ஆளும் எடுக்கல்ல.


#6 உவர்மலைக்காரன்

தம்பலகாமத்து அண்ணை, வங்கிக்காரித் தங்கச்சி, நானா, நன்றி.

கணக்கு நானும் போட்டிருந்தேன், ஆனால் நான் போட்டதில் பணவீக்கத்தை 3 என்று வைத்திருந்தேன் 🙂 எனக்குப் பிடித்த விடை வருகிற மாதிரி.

சம்பூர்க் காணி அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரம்தான். அதை விற்கிற யோசனை இல்லை, அங்கேதான் களரி போட வேண்டும். நானா சொன்ன பதிவு விசயத்தை இந்த ஞாயிறே தொடங்குகிறேன். கிழவர்களிடம் போய்ப் பாடச் சொல்லி எடுக்கிறதுக்கு 55 வர வேண்டியதில்லை.


#7 நிலாவெளி அலை

ஒரு வியாபார யோசனை. கூத்தைச் சுற்றுலாவோடு கட்டுங்கோ. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் உப்புவெளியும் நிலாவெளியும் வெள்ளைக்காரரால் நிறைஞ்சிருக்கும். பகலில் புறாத்தீவு, காலையில் திமிங்கிலம், பின்னேரம் கோணேசர் கோயில். ராத்திரிக்கு அவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஹோட்டல்காரர் ஒரு மணித்தியாலக் கூத்துக்குக் காசு தருவினம். கண்டியில் நடனக் காட்சிக்கு டிக்கெட் போட்டு விற்கிறார்கள்தானே?

நான் கெஸ்ட்ஹவுஸ் நடத்துகிறேன். சும்மா சொல்லவில்லை, வருகிற ஆட்கள் கேட்கினம்.


#8 மூதூர் மகள்

நிலாவெளி அண்ணா, ஒரு மணித்தியாலத்துல கூத்தா? கட்டியகாரன் வந்து போகவே அரை மணித்தியாலம்! விடிய விடிய ஆடுறத ஹோட்டல் புல்வெளிக்குச் சுருக்கினா அது வேற ஒண்டு. அந்த வேற ஒண்டு கூடாதெண்டு நான் சொல்லல்ல, பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகள்ல பேராதனையில கூத்தச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்ததாலதான் படிச்ச ஆக்கள் அதத் திரும்பிப் பாத்தாங்க. ஆனா அவர் அதச் செஞ்சது வருமானத்துக்கில்ல.

நான் தாதி. என்ட அப்பப்பாவும் கூத்தாடினவர். உவர்மலை அண்ணாக்கு ரெண்டு விசயம் சொல்ல வேணும்.

ஒண்டு முழங்கால். வடமோடி உடுப்பு எவ்வளவு பாரம் எண்டு உங்களுக்குத் தெரியும். அதக் கட்டிக்கிட்டு சுத்திச் சுத்தி ஆட 53லயும் ஏலாது, 60லயும் ஏலாது. ஆனா அண்ணாவியார் ஆடத் தேவையில்லயே? மத்தளத்தோட நிப்பார், பாட்டு எடுத்துக் குடுப்பார், தாளம் பிசகினா ஏசுவார். அப்பப்பா எழுபதுக்கு மேலயும் களரியில நிண்டவர். அதால முழங்காலச் சாட்டா வெக்காதீங்க. உங்கட மற்றப் பயம் உண்மையான பயம், தெரிஞ்ச கிழவர்கள் போயிடுவாங்க எண்டது. அதுக்கு ரெண்டு வருசம்கூட இல்ல. வார்டுல நிக்கிறவள், எனக்குத் தெரியும்.

ரெண்டாவது அக்கா. இவ்வளவு பேர் எழுதிட்டீங்க, அவவுட 70,000 எல்லாற்ற கணக்குலயும் வந்திட்டு. அவவுக்கு என்ன ஆசை எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. 49 வயசு, 60 வரைக்கும் இன்னும் 11 வருசம். நீங்க 55ல வீட்டுல இருக்கக்குள்ள அவ 51. காலையில சமைச்சு வெச்சிட்டு பள்ளிக்குப் போவா, பின்னேரம் வந்து உங்கட மாணவர்மாருக்குத் தேத்தண்ணி ஊத்துவா. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீங்க வர மட்டும் கதவத் திறக்க முழிச்சிருப்பா. என்ட அப்பம்மா அப்பிடித்தான் இருந்தா. அப்பப்பாவப் பத்தி ஊரே கதைக்கும். களரிக்கு வந்த நாப்பது பேருக்கும் சோறு போட்டது ஆரெண்டு ஒருத்தரும் கதைக்கல்ல.

அக்காட்ட கேட்டீங்களா?


#9 கடற்காகம்

+1 மூதூர் அக்காவுக்கு. எங்கட அம்மா 60இல் ஓய்வு எடுத்தா. அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு வழமைபோல எழும்பித் தேங்காய் துருவினா. பென்சன் வந்தது, ஓய்வு வரவில்லை.


#10 நிலாவெளி அலை

மூதூர் மகள், நீங்கள் சொல்கிறது நியாயம், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கும் இந்தக் கெஸ்ட்ஹவுஸ் ஆசையில் தொடங்கினதுதான். கடலுக்குப் பக்கத்தில் வீடு, வருகிறவர்களோடு கதை, பின்னேரம் நீச்சல். 2019 ஏப்ரலில் குண்டு வெடிச்சுது, அந்த சீசன் போச்சு. அடுத்த வருசம் கொரோனா. 2022இல் பெற்றோலுக்கு வரிசை, ஆர் நிலாவெளிக்கு வருவினம்? வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இப்ப திரும்ப ஆட்கள் வருகினம், அறைகள் நிறைகின்றன. ஆனால் எனக்குக் கடலைப் பார்த்தால் “இந்த மாதம் எத்தினை புக்கிங்” என்றுதான் முதலில் யோசனை வருகிறது. அதனால் அண்ணை, கூத்திலிருந்து ஒரு ரூபாயும் வேண்டாம் என்ற நிலையில் நீங்கள் போனால்தான் நல்லது. நான் முதல் சொன்ன யோசனையை நானே வாபஸ் வாங்குகிறேன்.


#11 நெறியாளர்

சம்பூர்க் காணி, அனல் மின்நிலையம், எந்தக் கட்சி என்ன செய்தது பற்றி இடையில் வந்த ஒன்பது பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடருங்கள்.


#12 உவர்மலைக்காரன்

மூதூர்த் தங்கச்சி கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் எழுதவிடவில்லை. நேற்று ராத்திரி இந்த இழையை அப்படியே அவவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

வாசித்துவிட்டு முதலில் சிரிச்சா. “நாப்பது பேருக்குச் சோறு நான் போடமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்” என்றா. பிறகு சொன்னது இது. அவவுக்கு வேலையை விட விருப்பமில்லை. பிள்ளைகளோடு நிற்பது பிடிக்கும். ஆனால் இத்தனை வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கிழமைக்கு எங்கேயும் போனதில்லை. வெருகலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களோடு ஒருமுறை நடக்க வேண்டும் என்று கலியாணம் கட்டின புதிதில் சொன்னவவாம். எனக்கு ஞாபகமே இல்லை. “அதுக்கும் முழங்கால் வேணும்” என்றா.

மற்றது பணம். நான் வேலையை விட்டால் வீட்டின் ஒரே மாதச் சம்பளம் தன்னுடையதாகிவிடும், அந்தப் பாரத்தை 9 வருசம் தனியே தூக்கப் பயமாக இருக்கிறது என்றா. இதை நான் யோசிக்கவே இல்லை. என் ஓய்வு அவவின் ஓய்வுக்கான வழியையும் அடைக்கும். ஆசிரியர்கள் முன்கூட்டியே ஓய்வு எடுக்க விரும்பினால்கூட, வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால்தான் முடியும்.

ஆகவே 55 இல்லை. 60ஆ என்றால் அதுவும் இன்னும் முடிவில்லை. மகள் கம்பஸ் எடுபட்டு இரண்டாம் வருசம் போகும்போது எனக்கு 57, 58. அதுவரைக்கும் என்று ஒரு பேச்சு.


#13 வங்கிக்காரி

அண்ணா, 55 தாண்டியும் வேலையில் இருந்தால் சேமலாப நிதியை உடனே எடுக்கத் தேவையில்லை. எடுக்க உரிமை வந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே கிடந்தால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். தம்பலகாமத்து ஐயா சொன்ன தேத்தண்ணிக்காரர்களும் வரமாட்டார்கள், “எடுக்கவில்லை” என்று உண்மையாகவே சொல்லலாம்.

58 என்றால் நான் போட்ட கணக்கில் பெரிய மாற்றம். 58இல் மொத்தம் 145 தாண்டும், மகளின் செலவும் பாதி முடிந்திருக்கும். வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவிட்டு மிச்சத்தில் வாழ இடம் இருக்கும். அதுதான் முக்கியம், வட்டி முழுதும் சமையலறைக்குப் போகக்கூடாது.

அக்கா கட்டுகிற விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்தின் ஆவணங்களில் கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் பாருங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெயர் எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் ஆட்கள் அலைகிறதை நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன்.


#14 தம்பலகாமத்தான்

வைத்தியச் செலவை ஒருத்தரும் எழுதவில்லை. இங்கே பெரியாஸ்பத்திரியில் இலவசம், அதில் குறையில்லை. இருதயம் என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவினம். மருந்து அங்கேயும் இலவசம்தான், ஆனால் கூட நிற்கிற ஆளுக்கு அறை, சாப்பாடு, வான். என் வீட்டுக்காரிக்கு ஸ்டென்ட் வைத்தபோது அந்தச் சில்லறைச் செலவுதான் கையைக் கடித்தது. எனக்கு அரசாங்க ஊழியருக்கான அக்ரஹாரக் காப்புறுதி கொஞ்சம் தந்தது. மனைவி ஆசிரியை என்றபடியால் உங்களுக்கும் அந்த வழி இருக்கும், கேட்டுப் பாருங்கோ.

நான் ஓய்வு எடுத்து முதல் ஆறு மாதம் எப்படி இருந்தேன் என்றும் சொல்லவா? காலையில் பேப்பர், பத்து மணிக்குப் பேப்பர் முடிஞ்சுது. பிறகு ஒன்றுமில்லை. காசு இருந்தது. பின்னேரம் மக்கெய்சர் மைதானத்தடியில் போய் நின்று பொடியள் பந்தடிக்கிறதைப் பார்ப்பேன். அதுவும் என்னோடு கச்சேரியில் இருந்த இன்னொருத்தர் வந்தபடியால்தான் போனேன். பிறகு ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாக் கணக்கை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சம்பளமில்லாத வேலை, நூறு பேர் ஏசுவார்கள். அன்றைக்குத்தான் திரும்ப நித்திரை வந்தது. அதனால் தம்பி, உங்களை நான் பைத்தியம் என்று சொல்லவில்லை. நான் 60இல் தேடினதை நீங்கள் 53இல் கையில் வைத்திருக்கிறீர்கள்.


#15 கோணேசபுரிப் பொடியன்

இதை வாசிக்க எனக்குப் பொறாமையாக இருக்கு. 24 வயது. மூன்று வருசமாக ஒரு ஹோட்டலில் வேலை. சேமலாப நிதி என்று ஒரு சதமும் கட்டவில்லை, “நீ கெஷுவல்” என்று சொல்லுகினம். கிட்டார் வாசிக்க ஆசை, அதுக்கு நேரமில்லை, காசுமில்லை. ஓய்வு, மனநிறைவு எல்லாம் சம்பளம் ஒழுங்காக வருகிற ஆட்களுக்கான கதை போல.


#16 வங்கிக்காரி

தம்பி, “கெஷுவல்” என்பது சாட்டு. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் முதலாளி கட்ட வேண்டும், நிரந்தரமா தற்காலிகமா என்ற பேச்சே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், பழைய மாதங்களுக்கும் மிகைக்கட்டணத்தோடு கட்டவைப்பார்கள். சம்பளத் துண்டு, வரவுப் பதிவின் படம், வங்கிக்குச் சம்பளம் வந்த விபரம், எது இருக்கிறதோ அதைச் சேர்த்து வையுங்கள். வேலையில் இருக்கும்போதே முறைப்பாடு கொடுக்கப் பயம் என்றால் எனக்கு விளங்குகிறது. சான்றுகளை மட்டும் இன்றைக்கே எடுங்கள்.

24இல் தொடங்குகிற 20 வீதம், 40இல் தொடங்குகிறதைவிட எவ்வளவு கூட என்று கணக்குப் போட்டுக் காட்டினால் உங்களுக்கு நித்திரை வராது, அதனால் போடவில்லை.


#17 கிண்ணியா நானா

பொடியா, கிட்டார் எண்டா எங்கட கடைத் தெருவுல ஒருத்தர்ட சும்மா தொங்கிக்கிட்டிரிக்கி. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க, பொறகு தாங்க. தனிமடல் போடுங்க.


#18 உவர்மலைக்காரன்

கடைசியாக ஒரு நிலவரம்.

ஞாயிற்றுக்கிழமை சம்பூர்ப் பக்கம் போய் இரண்டு பேரைப் பாடவைத்துப் பதிந்தேன். ஒருவருக்கு மூச்சு காணாது, தருவை எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை என்னைப் பாடச் சொன்னார். நான் பிழைவிட்ட இடத்தில் தடியால் கட்டிலில் தட்டினார். கொப்பியில் இல்லாத ஒரு விருத்தம் கிடைத்திருக்கிறது.

கொம்பனியில் மனிதவளப் பிரிவிடம் கேட்டேன், வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் மூன்றுக்கு வெளிக்கிட முடியுமா, அதற்குச் சம்பளத்தில் வெட்டினாலும் சரி என்று. இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லையாம், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கிடைத்தால் வெள்ளி, சனி இரண்டு ராத்திரி. முழுக் கூத்து இல்லை, ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டுச் சும்மா நிற்கிற பொடியளை வைத்து ஒரு போர்ப் பகுதி மட்டும். ஆறு மாதத்தில் முடியாது, ஒன்றரை வருசம் எடுக்கும். பரவாயில்லை.

தேத்தண்ணி பொடியளே ஊற்றுவார்கள். பாதயாத்திரை, இனி வரப்போகிற கதிர்காமக் கொடியேற்றத்துக்கு. முழுத் தூரமும் இல்லை, வெருகலிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும்.

இப்ப அவசரமான பிரச்சினை வேறு. அறிந்தவரிடமிருந்து ஒரு பழைய மத்தளம் கிடைத்திருக்கிறது, கட்டை நல்ல பலா, ஒரு பக்கத் தோல் கிழிந்துவிட்டது. திருகோணமலைக்குள் தோல் மூட்ட ஆள் இருக்கிறாரா? மிருதங்கம் திருத்துகிறவரிடம் கொடுக்கலாமா?


#19 மூதூர் மகள்

மிருதங்கக்காரர்ட குடுக்காதீங்க அண்ணா, அவங்க தங்கட சுருதிக்கு இறுக்கிடுவாங்க. மட்டக்களப்புல மத்தளம் கட்டுற ஆக்கள் இரிக்காங்க, கூத்துக் குழுக்கள்ட கேட்டா சொல்லுவாங்க. மாமாட போன் நம்பர் அனுப்புறன், அவர் கூட்டிட்டுப் போவார். போகக்குள்ள மற்றப் பக்கத்துத் தோலையும் மாத்துங்க, ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு எண்டா சரிவராது.


#20 உவர்மலைக்காரன்

நன்றி தங்கச்சி. எவ்வளவு எடுப்பினம் என்று மாமாவிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ. இந்த மாதக் கணக்கில் எழுத வேண்டும்.